வீட்டுக் குரல்

படிக்கும்போதே சம்பாதிப்பது எப்படி என்று கல்லூரியில் பேச வந்தவர், வந்திறங்கிய டாக்ஸிக்குக் கொடுக்கச் சில்லறை இல்லாமல் மருமகளைத் தேடி வகுப்பு வகுப்பாக ஆள் அனுப்பினார். அவள் கணக்குப் பதிவியல் வகுப்பிலிருந்து எழுந்து வந்து, பையின் அடியில் துழாவி, கிடைத்ததைக் கொடுத்துவிட்டுப் போனாள். கையில் காசில்லாமல் பயணத்தைத் தொடங்கும் துணிவுதான் முதல் மூலதனம் என்று மேடையில் அதையும் ஓர் உதாரணமாக்கிவிட்டார். மாணவர்கள் கைதட்டினார்கள். அடுத்த வகுப்பு ரத்தானதற்காகத் தட்டியதாகவும் ஒரு கருத்து உண்டு.

அவர் அவளுடைய தாய்மாமா. அழைப்பிதழில் 'வணிக வளர்ச்சிச் சிந்தனையாளர்' என்று போட்டிருந்தது. சிந்தனை நேரம் போக மற்ற நேரத்தில் ஐந்து தளமுள்ள ஒரு பெரிய கடையில் மூன்றாம் தளத்துக்கு மேற்பார்வையாளர். மூன்றாம் தளத்தில் மெத்தை, போர்வை, தலையணை. பகலெல்லாம் தலையணை விற்றுவிட்டு, சனிக்கிழமைகளில் 'விழித்தெழுங்கள் இளைஞர்களே' என்று பேசக் கிளம்பிவிடுவார்.

"உங்களிடம் இருப்பதை விற்றுப் பாருங்கள்," என்றார் அன்று. "நேரம் இருக்கிறதா, நேரம். கையெழுத்து அழகா, கையெழுத்து. ஒன்றுமே இல்லையா, அந்த வெறுமையே ஒரு சந்தை."

மூன்றாவது வரிசையில், விடியுமுன் வீடு வீடாக ரொட்டி போட்டுவிட்டு வந்த மாணவன் கண் திறந்தபடியே தூங்கினான். அவனுக்குப் பக்கத்தில் இருந்தவளின் விரல் நுனியில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு. அரங்கில் பாதிப் பேர் ஏற்கெனவே எங்கோ வேலை பார்ப்பவர்கள்தான். எப்படிச் சம்பாதிப்பது என்பது அவர்களுக்குத் தெரியும். சம்பாதித்ததை எப்படிக் கேட்டு வாங்குவது என்பதுதான் தெரியவில்லை. அதைப் பற்றி மாமாவிடம் குறிப்பு எதுவும் இல்லை.

அன்று மாலை மாமா அக்கா வீட்டுக்கு வந்தார். முன்னறையில் அப்பா ஒரு துணி துவைக்கும் இயந்திரத்தைக் குப்புறக் கவிழ்த்து, அதன் வயிற்றுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தார். வீடு வீடாகப் போய் அந்த இயந்திரங்களைப் பழுது பார்ப்பது அவர் தொழில். சில சமயம் இயந்திரமே வீடு தேடி வந்துவிடும்.

"மேடை வந்தாச்சா," என்றார் தலையைத் தூக்காமல். மைத்துனருக்கு அவர் வைத்த பெயர் அது. "வாங்க மாப்ள. இன்னைக்கு எந்தக் காலேஜ எழுப்பிட்டு வர்றீங்க?"

"நீங்க கிண்டல் பண்ணுங்க அத்தான். இன்னைக்கு நான் பேசும்போது ஒரு பையன் கண்ணுல தண்ணி."

"ஏன், கதவப் பூட்டிட்டாங்களா?"

அம்மா சமையலறையிலிருந்து சிரித்தாள். சிரிப்பு பாதியில் இருமலானது, இருமல் நெடுநேரம் நிற்கவில்லை.

அம்மாவும் அதே கடையில்தான் வேலை. கடை ஒற்றைத் தளமாக இருந்த காலத்திலிருந்து அவள்தான் அறிவிப்பாளர். படிக்கட்டுக்கு அடியில், குனிந்து நுழையும்படி ஒரு கண்ணாடி அறை. மின்விசிறி போட்டால் அதன் சத்தம் மைக்கில் விழும் என்பதால் கோடையிலும் போடுவதில்லை. காணாமல் போன குழந்தை, வழி மறித்து நிற்கும் கார், மறந்துவிட்டுப் போன குடை என்று எல்லாம் அவள் வழியாகத்தான் ஐந்து தளத்துக்கும் போகவேண்டும். மழை நாட்களில் ஆட்கள் கடைக்குள் ஒதுங்கி வாசலை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். போகச் சொல்லவும் கூடாது, நிற்க விடவும் கூடாது. "மழைக்கு ஒதுங்கியுள்ள வாடிக்கையாளர்களின் கனிவான கவனத்திற்கு, குடைகள் நான்காம் தளத்தில் கிடைக்கும்," என்பாள். அந்தக் 'கனிவான' என்ற சொல்லுக்கே பாதிப் பேர் கூசிப்போய் மாடியேறிவிடுவார்கள். ஊழியர்கள் அவளை 'மைக்கக்கா' என்று கூப்பிட்டார்கள். தம்பி மட்டும் கடைக்குள் 'மேடம்' என்பார். யார் யார் கையைக் காலைப் பிடித்தோ அவள்தான் அவருக்கு அங்கே பெட்டி தூக்கும் வேலை வாங்கிக் கொடுத்தாள் என்பதை மேற்பார்வையாளர் ஆன பிறகு யாரும் நினைவுபடுத்துவதில்லை. அவளும்தான்.

இப்போது அவள் தொண்டை கட்டிப்போய்க் கிடந்தது. ஒரு மாதம் வாயே திறக்கக் கூடாது என்றார் மருத்துவர். இல்லாவிட்டால் குரல் திரும்பி வராது.

"ஒரு மாசம் நான் போகலன்னா வேற ஒருத்திக்கு அந்த நாற்காலி பழகிடும்," என்றாள் அம்மா, தம்பிக்கு டீயை வைத்தபடி. "அதுவுமில்லாம, லீவுக்குச் சம்பளமும் கிடையாது."

"சம்பளத்த நான் பாத்துக்கறேன்," என்றாள் மகள். "பார்ட் டைமா எதுக்காவது போறேன். நீ வாய மூடிட்டு வீட்ல இரு."

"பொறந்ததுல இருந்து இதச் சொல்லணும்னு நெனச்சிருக்கா பாரு," என்றார் அப்பா.

"சம்பளம் சரி. நாற்காலி?" என்றாள் அம்மா.

மாமா டீக் கோப்பையைக் கீழே வைத்தார். மேடையில் நிற்பதுபோல முதுகு நிமிர்ந்தது. "அக்கா, அந்தக் கடையில நான் இருக்கிற வரைக்கும் உன் நாற்காலிய ஒருத்தன் தொட முடியாது. மேனேஜர்கிட்ட நான் பேசறேன். இவளுக்கும் ஒரு வேலை கைவசம் இருக்கு. இன்னைக்கு மேடையிலயே நெனச்சேன்."

"என்ன வேலை மாமா?"

"பார்வை இல்லாத பிள்ளைங்களுக்குக் காதால கேட்டுப் படிக்கிற பாடம் தயார் பண்றாங்க. நல்ல குரலாத் தேடறாங்க. சும்மா வாசிக்கணும். வாரத்துல மூணு சாயங்காலம். காலேஜ் விட்டதும் நேரா போயிடலாம்."

அப்பா இயந்திரத்தின் வடிகால் குழாயிலிருந்து ஒரு சட்டைப் பொத்தானை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "புண்ணியமும் வருது, காசும் வருது. ரெண்டும் ஒரே வண்டியில வந்தா எனக்குப் பயம் மாப்ள."

"அத்தான், நல்லதையும் சந்தேகப்பட்டா எப்படி?"

"நல்லத நான் எங்க அடிக்கடி பாத்தேன், அடையாளம் தெரியறதுக்கு?"

மகள் மறுநாளே போனாள்.

செருப்புக் கடைக்கு மேலே இருந்த ஓர் அறை அது. சத்தம் வெளியேறாமலும் உள்ளே வராமலும் இருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஆணியடித்திருந்தார்கள். ஒலிப்பதிவு செய்பவர் பெருத்த உடம்புக்காரர்.

"இத்தனை முட்டையும் நீங்களே சாப்பிட்டதா அண்ணா?"

"அதான் இப்படி ஆயிட்டேன். மைக்குக்கு ஒரு சாண் தள்ளி உக்காரும்மா."

அவளிடம் தாள்கள் கொடுத்தார்கள். அவற்றில் பாடம் எதுவும் இல்லை, வெறும் சொற்கள்தான். ஒவ்வொரு சொல்லையும் மூன்று விதமாகச் சொல்லவேண்டும். வாக்கியம் தொடங்குவதுபோல ஒருமுறை, நடுவில் வருவதுபோல ஒருமுறை, முடிவதுபோல ஒருமுறை. இரண்டாம். நீல நிற. காத்திருக்கிறார். வயது. அணிந்த. உடனடியாக. கீழே வண்டி போனால் நிறுத்தவேண்டும், நாய் குரைத்தால் நிறுத்தவேண்டும். எச்சில் விழுங்கினால் அதுவும் காதில் விழுந்துவிடும். அங்கேயும் மின்விசிறி கிடையாது. ஒரு மணி நேரத்தில் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாம் நாள் முட்டை அட்டைக்காரர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினார். "குரல் சுத்தமா இருக்கு. ஆனா செமினார் எடுக்கற மாதிரி இருக்கும்மா. கேக்கறவனுக்கு வீட்ல யாரோ சொல்ற மாதிரி இருக்கணும். வீட்டுக் குரல்."

மூலையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த மாமா தொண்டையைச் செருமினார். "உங்கம்மா மைக்ல பேசுவாளே, அத மனசுல வச்சுட்டுப் படியேன்."

அவள் கண்ணை மூடினாள். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு அந்தக் கண்ணாடி அறையில் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய பெண் அவள். தலைக்கு மேலே நாளெல்லாம் ஓடிய அந்த ஏற்ற இறக்கத்தைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. வாயைத் திறந்ததும் வந்தது.

"இதான்," என்றார் முட்டை அட்டைக்காரர். மாமா ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்த சந்தர்ப்பம் அபூர்வம் என்பதை அவள் அப்போது கவனிக்கவில்லை.

வீட்டில் அம்மா துணி மடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள், மகள் தாளை வைத்துக்கொண்டு பழகுவாள்.

"நம்பர் வந்தா ஏன் ஓடற? யாரும் துரத்தல. அதுக்கு முன்னாடி கொஞ்சம் மூச்சு எடுத்துக்கோ."

"நான்காம்."

"இப்பவும் ஓடற."

"நான்காம்."

"ம். இப்ப படியேறலாம்."

இருபது வருடம் நீட்டிய தாளையெல்லாம் வாசித்தவள் அம்மா. காணாமல் போன குழந்தையின் பெயரை வாசிக்கும்போது அந்தக் குழந்தையை நினைத்தால் குரல் நடுங்கும், கடை முழுக்கக் கலவரமாகும். ஆகவே சொற்களின் பொருளைத் தொடாமல் சத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போவது அவளுக்கு உடம்போடு ஊறிவிட்ட பழக்கம். மகள் வாசித்த எதையும் அவள் கேட்கவில்லை, எப்படி வாசித்தாள் என்பதைத்தான் கேட்டாள். வேறு எந்த வீட்டிலாவது ஓர் அம்மா, "என்னடி இது, எங்க கடைத் தாள் மாதிரி இருக்கு?" என்று கேட்டிருப்பாள். இந்த வீட்டில் அந்தக் கேள்விக்கு அப்பாதான் கிட்டத்தில் வந்தார்.

"பார்வை இல்லாத பிள்ளைக்குச் சிவப்பு நிறக் கார் எதுக்கு?"

அம்மா மடிப்பிலிருந்து தலை தூக்கினாள். "பாடம்னா எல்லாம்தான் இருக்கும்."

"நம்பர் பிளேட்டுமா?"

"உங்களுக்கு ஒண்ணு நல்லா நடந்துட்டா தூக்கம் வராதே."

அப்பா வாயை மூடிக்கொண்டு திருகாணியைத் தேடினார். ஆனால் கேள்வி மகளின் காலில் முள்ளாகத் தைத்துவிட்டது. அடுத்த நாள் மாடிப்படியில் மாமாவைப் பிடித்து நிறுத்தி அதையே கேட்டாள்.

மாமா அவளை வருத்தத்தோடு பார்த்தார். "பார்வை இல்லாதவங்களுக்கு நிறம் எதுக்குன்னு கேக்கறியா? அவங்க கடை கண்ணிக்குப் போக வேண்டாமா? படிச்ச பொண்ணு நீ. நீயா இப்படிப் பேசற?"

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. அப்படி ஒரு கேள்வி கேட்ட தன்னைப் பற்றியே வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு அவள் எதையும் கேட்கவில்லை. அதன்பின் வந்த தாள்களில் 'தொலைந்த', 'தளம்', 'மேலாளர்' எல்லாம் வந்தன. வாசித்தாள்.

முதல் சம்பளம் வந்ததும் அம்மா விடுமுறைக்குச் சொல்லிவிட்டாள். மேனேஜரிடம் பேசியாகிவிட்டது, நாற்காலி பத்திரம் என்று மாமா வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஒரு மாதம் வீட்டில் கைதட்டல்தான் பேச்சு. ஒரு தட்டு மகளுக்கு, இரண்டு தட்டு அப்பாவுக்கு. கோபம் வந்தால் எண்ணிக்கை கிடையாது.

"கல்யாணமானதுல இருந்து எனக்கு யாரும் இவ்வளவு கைதட்டினதில்ல," என்றார் அப்பா. "மாப்ளைக்கு மட்டும்தான் வாய்க்கும்னு நெனச்சேன்."

அம்மா தட்டைத் தூக்கி வீசுவதுபோலப் பாவனை செய்தாள். மழைக்காலம் பிடித்துக்கொண்டது. கொடியில் துணி காயாமல் வீடெல்லாம் ஈர வாடை. மாமா வாரத்துக்கு இருமுறை பழங்களோடு வந்தார். "பேசாதக்கா, பேசாத, அவசரமே இல்ல. இன்னும் பத்து நாள் வேணும்னாலும் எடுத்துக்கோ," என்று சொல்லும்போது அவர் குரலில் அப்படி ஓர் அக்கறை. அவர் போன பிறகு அம்மா கையை நெஞ்சில் வைத்துக் காட்டுவாள். தம்பி தங்கம் என்று அதற்கு அர்த்தம்.

மாதம் முடிந்த அன்று காலையில் அவள் அடுப்பங்கரையில் நின்று, பயந்து பயந்து, "தண்ணி" என்றாள். பிறகு கொஞ்சம் உரக்க, "தண்ணி குடிங்க," என்றாள். கழுவித் துடைத்த பாத்திரம்போல வந்தது குரல்.

"போச்சு," என்றார் அப்பா. "என் நல்ல காலம் முடிஞ்சுது." ஆனால் அவர்தான் வெளியே போய் வண்டியைத் துடைத்து, நனையாமல் அவளைக் கடைவரை கொண்டுபோய் விட்டார்.

ஊழியர் வாசலில் காவலாளி குடையோடு நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் அவர் வாய் திறந்தபடி நின்றது. உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

"என்னக்கா, நீங்க இங்க நிக்கறீங்க. உள்ள யாரு பேசறது? இந்த ஒரு மாசமா நீங்க கண்ணுல படாமலே வந்துட்டுப் போறீங்கன்னுல்ல நெனச்சேன்."

உள்ளே குரல் சொல்லிக்கொண்டிருந்தது. "மழைக்கு ஒதுங்கியுள்ள வாடிக்கையாளர்களின் கனிவான கவனத்திற்கு. குடைகள். நான்காம் தளத்தில் கிடைக்கும்."

அம்மா முதலில் தொழில் தெரிந்தவளாகத்தான் கேட்டாள். மூச்சு சரியாக இருக்கிறது, 'கனிவான' நன்றாக விழுந்திருக்கிறது என்று தலையைக்கூட ஆட்டினாள். 'நான்காம்' என்பதற்கு முன் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. ஓடாமல், மூச்செடுத்துக்கொண்டு, படியேறுவதுபோல. வீட்டில் துணி மடித்தபடி அவளே கேட்டு வாங்கிய இடைவெளி அது.

காவலாளி, "உக்காருங்கக்கா," என்று தன் முக்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

கண்ணாடி அறையில் அவளுடைய நாற்காலி அப்படியே இருந்தது. தம்பி சொன்னபடி ஒருத்தரும் அதைத் தொடவில்லை. அதன்மேல் ஒரு கணினிப் பெட்டியை வைத்திருந்தார்கள். சூடாகிவிடக் கூடாது என்று மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

மேனேஜர் அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். தண்ணீர் கொடுத்துப் பேசுகிறார் என்றால் நல்ல செய்தி அல்ல என்பது கடையில் எல்லோருக்கும் தெரியும்.

"நீங்க எங்கயும் போயிடலம்மா. நாம ஒரே குடும்பம். உங்க குரல் என்னைக்கும் இந்தக் கடையில இருக்கும்."

"அது என் குரல் இல்ல சார்."

"அதான் பெருமை. அடுத்த தலைமுறை. உங்க தம்பி இந்தத் திட்டத்தக் கொண்டுவந்தப்ப முதலாளியே எழுந்து கை குடுத்தாரு. வெளிய குரல் வாங்கினா ஆகற செலவுல பாதிகூட ஆகல. வீட்ல எல்லாரும் உக்காந்து பேசித்தான் முடிவு பண்ணினோம்னு சொன்னாரே?"

அம்மா தண்ணீரைக் குடித்து முடித்தாள். "எனக்கு என்ன வேலை சார்?"

அடித்தளத்தில், துணி போட்டுப் பார்க்கும் அறைகளுக்கு வெளியே முக்காலி போட்டிருந்தார்கள். உள்ளே எத்தனை துணி கொண்டுபோகிறார்களோ அத்தனை எண் போட்ட பிளாஸ்டிக் அட்டையைக் கொடுக்கவேண்டும், வெளியே வரும்போது வாங்கவேண்டும். பேசத் தேவையில்லை. தொண்டைக்கு ரொம்ப நல்லது என்றார் மேனேஜர்.

மூன்றாம் தளத்துக்குப் போய்ப் பார்த்தாள். மேற்பார்வையாளர் வெளியே போயிருப்பதாகச் சொன்னார்கள். மெத்தை அடுக்குக்குப் பின்னால் அவருடைய காலணிகள் தெரிந்தன. அவள் இறங்கி வந்துவிட்டாள்.

மாலையில் மாமா வந்தார். வராமல் இருந்தால் குற்றம் செய்ததுபோல ஆகிவிடும் என்று நினைத்திருக்கலாம். மகள் அப்போதுதான் கல்லூரியிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

"உக்காரு தம்பி," என்றாள் அம்மா. "சாப்பிட்டியா?"

"குரல் அருமையா வந்துடுச்சே அக்கா."

"ஆமா. வந்துடுச்சு. வச்சுக்க இடம்தான் இல்ல."

மாமா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "நான் சொல்றத முழுசாக் கேளு. மெஷின் எப்படியும் வந்திருக்கும். நான் பண்ணலன்னா எங்கிருந்தோ ஒரு குரல் வந்து உக்காந்திருக்கும். நான் அத நம்ம வீட்டுக்குள்ளயே வச்சேன்."

"என்ன மெஷின்?" என்றாள் மகள்.

அப்பாதான் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "நீ வாசிச்சியே, அது கடையில பேசுதாம். உங்கம்மா இருந்த இடத்துல."

மகள் ஈரக் காலோடு நின்றாள். "பார்வை இல்லாத பிள்ளைங்களுக்குன்னு சொன்னீங்களே மாமா."

"அதுவும் வரும். அது இரண்டாம் கட்டம்."

"பொய் சொல்லல அவரு," என்றார் அப்பா. "நம்ம மூணு பேரத்தான் சொல்லியிருக்காரு. நமக்குத்தான் புரியல."

"அத்தான், இது சிரிக்கற விஷயமில்ல."

"நான் சிரிக்கறேனா? நல்லாப் பாருங்க."

அம்மா தம்பிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா."

"கேட்டிருந்தா நீ சம்மதிச்சிருக்க மாட்டியேக்கா."

"அதுக்குத்தானே கேக்கறது?"

மாமாவிடம் எல்லாவற்றுக்கும் ஒரு மேற்கோள் இருக்கும். இதற்கு இல்லை. "உனக்கும் டாக்டர் ஓய்வுதானே குடுக்கச் சொன்னாரு," என்று முனகினார்.

"நான் போன மாசம் பூரா கைய நெஞ்சுல வச்சு உன்னைத் தங்கம்னு இவங்ககிட்டக் காட்டினேன். பேச்சு இருந்திருந்தா நாலு பேர்கிட்டச் சொல்லிக்கூட இருப்பேன். நல்லவேளை." அவள் குரல் உயரவே இல்லை. மைக்கில் பேசுவதுபோலச் சீராக இருந்தது. "என்னை எழுப்பிட்டு வேற ஒருத்திய உக்கார வைக்கணும்னா ஊர்ல எத்தன பொண்ணுங்க. எம் பொண்ண ஏண்டா எடுத்த?"

"உன்ன மாதிரி வேற யாருக்கும் வரலக்கா," என்றார் மாமா. அன்று அவர் சொன்னவற்றில் அது ஒன்றுதான் உண்மை. அதைச் சொன்ன பிறகு அவரால் அங்கே உட்கார முடியவில்லை. மருமகளைப் பார்க்காமல் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார். வழக்கமாக வாசல்வரை போகும் அம்மா, எழுந்திருக்கவில்லை.

மகள் அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "சத்தியமா எனக்குத் தெரியாதும்மா."

"தெரியாதுன்னு தெரியும்."

"ஆனா," என்று அவள் நிறுத்தினாள். "அப்பா காரப் பத்திக் கேட்டாரே, அப்ப எனக்கு என்னவோ பண்ணுச்சு. மாமாகிட்டக் கேட்டேன். அவரு சொன்னத நம்பிட்டா நல்லாருக்கும்னு இருந்துச்சு. நம்பிட்டேன்."

அம்மா அவள் தலையில் கை வைத்தாள். "நீ எனக்காகத்தான் போன. அதுல ஒரு தப்பும் இல்ல." சொல்லும்போது அவள் பார்த்தது சுவரைத்தான்.

மறுநாள் மகள் கல்லூரிக்குப் போகாமல் செருப்புக் கடை மாடிக்குப் போனாள். என் குரலை அழித்துவிடுங்கள், வாங்கியதையெல்லாம் திருப்பித் தந்துவிடுகிறேன் என்றாள். முட்டை அட்டைக்காரர் கெட்டவர் இல்லை. அவளுக்கு டீ வாங்கிவரச் சொன்னார்.

"மாவா அரைச்சாச்சும்மா. இனிமே எங்க போய்ப் பொறுக்கறது? நீ வாசிச்சத வச்சு, நீ வாசிக்காததையும் அது இப்ப சொந்தமாப் பேசுது. உன்னக் கேட்டுட்டாப் பேசுது?"

அவள் கடைக்கே போய் மேனேஜரைப் பார்த்தாள். அவரும் தண்ணீர் கொடுத்தார்.

அம்மா வேலையை விடவில்லை. விட்டுவிடு என்று அப்பா ஒருமுறை சொன்னார். பிறகு வீட்டுக் கணக்கை அவரே மனதுக்குள் போட்டுப் பார்த்திருக்கவேண்டும், மறுமுறை சொல்லவில்லை. அடித்தளத்தில் சன்னல் கிடையாது. மழை பெய்கிறதா, விட்டுவிட்டதா என்பது மேலிருந்து வரும் அறிவிப்பை வைத்துத்தான் தெரியும். அம்மா அட்டை கொடுத்தாள், அட்டை வாங்கினாள். கழற்றிப் போட்ட துணிகளை உதறி, மடித்து, அந்தந்தத் தளத்துக்கு அனுப்பினாள். பொத்தான் போடாமல் கொடுத்த சட்டைகளுக்குப் பொத்தான் போட்டாள். யாராவது நன்றி சொன்னால் தலையசைப்பாள். அந்தத் தேறிவந்த குரலை அங்கே யாரும் கேட்டதில்லை.

புதிய முறையில் ஊழியர்களையும் ஒலிபெருக்கியில்தான் கூப்பிடுவது என்று வந்தது. மாமாவின் இரண்டாவது திட்டம் அது. திட்டத்தோடு அவருக்கு ஒரு தனி அறையும் வந்தது. ஒரு நாளைக்குப் பலமுறை, தலைக்கு மேலிருந்து அந்தக் குரல் அடித்தளத்துக்கு இறங்கும். "உடை அறைப் பணியாளர். உடனடியாக. முதல் தளத்திற்கு வரவும்." அம்மா முக்காலியிலிருந்து எழுந்து, புடவை முந்தானையைச் சரிசெய்துகொண்டு, படியேறிப் போவாள். தாமதமானால் மறுபடி கூப்பிடும். அது கோபப்படாது. எத்தனை முறை கூப்பிட்டாலும் அதே கனிவுதான்.

கல்லூரியில் மாமாவை மறுபடி பேச அழைத்தார்கள். இந்த முறை சொந்தக் காரில் வந்தார். "வேறெங்கும் போகவேண்டாம், என் மருமகளையே எடுத்துக்கொள்ளுங்கள்," என்று தொடங்கினார். "படித்துக்கொண்டே, ஒரு குடும்பத்தின் சுமையையே..." அரங்கில் எல்லாத் தலைகளும் அவளைத் தேடித் திரும்பின. அவள் எழுந்து, வரிசையில் இருந்தவர்களின் கால்களைத் தாண்டித் தாண்டி வெளியே நடந்தாள். வெட்கப்படுகிறாள் என்று மேடையில் விளக்கம் சொன்னார் மாமா. கைதட்டல் பலமாகக் கேட்டது.

அன்று வீட்டுக்கு அவள்தான் முதலில் வந்தாள். கொஞ்ச நேரத்தில் அம்மா வந்து, கை கால் கழுவிக்கொண்டு, பின்கட்டில் கொடித் துணிகளை எடுக்கப் போனாள். முன்னறையில் அப்பா ஓர் இயந்திரத்தைச் சோதனைக்காக ஓடவிட்டிருந்தார், அது கடகடத்துக்கொண்டிருந்தது. மகள் டீ போட்டு மூன்று கோப்பைகளில் ஊற்றினாள். சத்தத்துக்கு மேலே கேட்கவேண்டுமென்று வாசற்படியில் நின்று கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டாள்.

"அம்மா, டீ எடுத்துக்க வா."

பின்கட்டில் அம்மா கையிலிருந்த துணியை அவசரமாகக் கீழே வைத்தாள். முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"இதோ வந்துட்டேங்க," என்றாள்.

சொல்லிவிட்டு இரண்டடி நடந்த பிறகுதான் நின்றாள். மகளும் நின்றாள். அப்பா கையை நீட்டி இயந்திரத்தை நிறுத்தினார். அம்மா குனிந்து, கீழே வைத்த துணியை மறுபடி எடுத்து உதறத் தொடங்கினாள்.

அதன்பிறகு மகள் வீட்டில் யாரையும் கூப்பிடுவதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் எழுந்து போய், பக்கத்தில் நிற்கிறாள்.